சுவிஸ் ட்ரிப்புக்குப் பேர் கொடுத்தவர்கள்

"உனக்கு ஏரி வேணுமா, மல வேணுமா?"

ஜீவராணி அத்தை போனில் இப்படிக் கேட்டபோது சுலக்ஷனா பருப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் சோறு வடிச்சிட்டியா, தண்ணி புடிச்சிட்டியா, ஆட்டக் கட்டிட்டியா என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தலையை ஆட்டினால் போதும். இந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டினால் ஏரிக்கு ஆட்டினாளா மலைக்கு ஆட்டினாளா என்று தெரியாது. போதாததற்குப் போனில் தலையும் தெரியாது.

"சரி, யோசிச்சுச் சொல்லு பாப்பா," என்று அத்தை வைத்துவிட்டார்.

ஜீவராணி, சுலக்ஷனாவின் அப்பா வீரய்யாவுடைய ஒரே தங்கை. சின்ன வயதில் மலையகத்தில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் கட்டி, அவரோடு சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிறார். ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பகுதியில் வேலை. கோடை வந்தால் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு வருவது வழக்கம். இந்த வருடம் பிள்ளைகள் கூட்டாளிகளோடு வேறு எங்கோ போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மரவீட்டில் பிள்ளைகள் படுக்கும் கட்டில் மிச்சமானது. கட்டில் சும்மா கிடப்பது அத்தைக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் மகளுக்கு அழைப்பு அனுப்பிவிட்டார்.

சுலக்ஷனா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பாடம் ஏறாமல் இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லும்படி டீச்சர் சொன்னால் பதில் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அவளும் வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குழந்தைகள் கேள்வி கேட்பதில்லை.

அத்தை அனுப்பிய படங்களை அவள் குழந்தைகளுக்குக் காட்டினாள். பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றியது போல ஏரி. அதன்மேல் வெள்ளைக் கப்பல். பல்லுப் பல்லாக இருக்கும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு செங்குத்தாக மலையேறும் சிவப்பு ரயில். கழுத்தில் குண்டாச்சட்டி அளவு மணியோடு ஒரு மாடு. குழந்தைகள் மாட்டை நக்கப் பார்த்தன.

யோசித்து யோசித்துக் கடைசியில் அத்தைக்கு ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினாள்: "ரெண்டும்."

அவள் வாழ்நாளில் எதையும் இரண்டாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை உடனே திட்டம் போட ஆரம்பித்தார். போய் இறங்குகிற அன்று ஓய்வு. அடுத்த நாள் கப்பலில் ஏரியைச் சுற்றுவது. வானம் வெளுத்திருந்தால் சிவப்பு ரயில். மழையென்றால் பாலாடைக்கட்டி செய்யும் இடம். நடப்பதற்கு நல்ல சப்பாத்து வேண்டும், காலளவு என்ன? சுலக்ஷனா ஒரு தாளில் கால் வைத்துக் கோடு இழுத்துப் படம் எடுத்து அனுப்பினாள். அந்தத் தாளை அம்மா நாகலெட்சுமி பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். அங்கேதான் விஷயம் திரும்பியது.

வீரய்யா கொழுந்து லொறியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரை யாரும் லொறிக்காரர் என்று சொல்வதில்லை. ட்ரிப் வீரய்யா என்றுதான் சொல்வார்கள். கதிர்காமமோ, முன்னேஸ்வரமோ, திருகோணமலையோ, அவர்கள் குடியிருந்த லயத்திலிருந்து, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அந்தத் தோட்டத்து வீடுகளிலிருந்து, யாத்திரை கிளம்பினால் பஸ் பேசுவது முதல் பப்படம் பொரிப்பது வரை அவர் பொறுப்பு. ட்ரிப்புக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று "வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் போனவன் திரும்பி வந்து கொடுக்கும் பிரசாதத்தை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கும் சட்டம் உண்டு. "வராம என்ன" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். பிறகு காய்ச்சல் வரலாம், விருந்தாளி வரலாம், சொந்தத்தில் சாவு விழலாம்; அதைச் சொல்லி ட்ரிப்பிலிருந்து நின்றுகொள்ளலாம். வாசலில் வைத்தே மாட்டேன் என்பது கேட்டவரை அவமதிப்பது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி பூசி, வீரய்யா வரிசையின் கோடியில் இருக்கும் தொங்கல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"சுவிஸுக்குப் போறோம். வர்றீங்களா?"

"வராம என்னண்ணே," என்றார்கள் ஒவ்வொருவரும்.

யாரும் பைத்தியக்காரர்கள் இல்லை. சுவிஸுக்கு றொசல்லயில் பஸ் ஏற முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்ததும் நமக்கும் வரட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். முதலில் காய்ச்சலில் விழுகிறவன் வசதியில்லாமல் விழுந்தான் என்று பேச்சு வந்துவிடுமே என்று யாரும் முதலில் விழவில்லை. அந்த மாதம் லயத்தில் ஒருவருக்கும் தடுமல்கூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் கூட்டம் கூடியது. சமையல் பொறுப்பு வழக்கம்போலப் பக்கத்து வீட்டுப் பொன்னையாவுக்கு.

"அங்க வெறகு கெடைக்குமாண்ணே?" என்றார் பொன்னையா.

"மலன்னா வெறகு இல்லாமயா?"

"வெட்ட விடுவாங்களா?"

"கேட்டுட்டு வெட்டுவோம். நம்ம என்ன திருடவா போறோம்?"

மறுபக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவர், அத்தை அனுப்பிய படத்தைப் போனோடு வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்த மல எந்தக் கொம்பெனியோட தோட்டம்?"

வீரய்யா மகளைப் பார்த்தார். சுலக்ஷனா நிலைப்படியில் நின்று, "கொம்பெனி இல்ல," என்றாள். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

"கொம்பெனி இல்லாத மலையா?" பேச்சியம்மா படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க முயன்றார். "அப்ப தொர யாரு? யாருகிட்டக் கேட்டுட்டு ஏறுறது?"

"அதான் மாடு நிக்கிதே, அதுகிட்டக் கேளு," என்றார் பொன்னையா.

"ஒன்னையக் கேக்குறதுக்கு மாட்டக் கேக்கலாம்."

"அட்ட ஏறாம கால்ல பூசச் சவக்காரம் எடுத்துக்கணும்," என்றார் நாகலெட்சுமி.

"பனி கொட்டுற எடத்துல அட்ட ஏது?"

"அட்ட இல்லாத மலைய நீ எங்க கண்ட?"

சவக்காரம் சேர்க்கப்பட்டது. தேங்காய், பருப்பு, பெரிய சட்டி இரண்டு, மைக்செட் ஒன்று சேர்க்கப்பட்டன. வழியில் பிள்ளையார் கோயில் உண்டா என்பதை ஜீவராணியிடம் கேட்டுக்கொள்வதாக வீரய்யா சொன்னார். சுலக்ஷனா கேட்டுக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு சாமான் ஏறும்போதும் அந்தக் கட்டில் அவளைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போனது.

அத்தைக்கு வீரய்யாவே போன் போட்டார், எல்லாரும் கேட்கும்படி. "ஆயிரம் பேர் இல்ல ஜீவா. நம்ம லயம் மட்டுந்தான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பொன்னையா போனைத் தட்டினார்.

"அண்ணே," என்றார் ஜீவராணி கடைசியில், "நான் பிள்ளைய மட்டுந்தானே கூப்புட்டேன். ஒரு கட்டிலுதான் இருக்கு. விசாவுக்குக் கூப்புடுற கடதாசியும் அவ பேருக்குத்தான் எடுத்திருக்கேன்."

"எல்லாருகிட்டயும் கேட்டுட்டேனே."

"ஏண்ணே கேட்டீங்க?"

இந்தக் கேள்வி வீரய்யாவுக்கு விளங்கவே இல்லை. ஏன் குளித்தீர்கள் என்று கேட்டது போல இருந்தது. போனை வைத்துவிட்டு, "ஜீவராணி மாறிட்டா," என்று மட்டும் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. காய்ச்சல் வராமலே குணமாகிவிட்டது.

ஆனால் வீரய்யாவின் சட்டத்தில் கடைசிப் பகுதி ஒன்றும் இருந்தது. போனால் எல்லாரும், இல்லையென்றால் யாரும் இல்லை. ஒருமுறை முன்னேஸ்வரத்துக்குப் பேசிய பெரிய பஸ்ஸுக்குப் பதிலாகக் குட்டி பஸ் வந்தபோது, பாதிப் பேரை ஏற்ற மனமில்லாமல், அதை வெறுமையாகவே திருப்பி அனுப்பியவர் அவர்.

சுலக்ஷனா இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்தாள். ஒரு குழந்தை சிரித்தது, ஒன்று அழுதது. சாயங்காலம் அப்பா வாசலில் சட்டியின் கைப்பிடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"என்னா பாப்பா?"

"அப்பா, நான் மட்டும் போகவா?"

கம்பி வீரய்யாவின் கையிலிருந்து நழுவியது. மகள் சொன்னதைவிட, மகள் வாய் திறந்து கேட்டதுதான் அவரைத் தடுமாற வைத்தது. எடுத்து மறுபடி முறுக்கினார்.

"போகணும்னு ஆசயா?"

தலையை ஆட்டினாள்.

"பேச்சியம்மா ஹட்டனுக்குப் போயிப் புதுசா ஸ்வெட்டர் வாங்கிட்டா," என்றார் வீரய்யா. "வாசல் வாசலா நின்னு கேட்ட வாயி இது. இப்ப எம்மகளத் தனியா ஏத்தி அனுப்பிட்டு, நாளைக்கு எந்த வாசல்ல போயி நிக்கிறது? சொல்லு."

அவர் கேட்டதில் ஞாயம் இருந்தது. ஞாயம் இருந்ததுதான் கஷ்டம்.

"நீ கவலப்படாத. அப்பா ஒரு வழி வச்சிருக்கேன்," என்றார்.

அவர் வைத்திருந்த வழி நுவரெலியா. "அங்க ஏரி இருக்கு. படகும் ஓடுது, அன்னம் மாதிரி. நாட்டுலயே பெரிய மல அங்கதான். மாட்டுப் பண்ண பக்கத்துல. குளிருக்கும் கொறவில்ல. சுவிஸுல இருக்குறது என்னா, இங்க இல்லாதது என்னா?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று மறுபடி கேட்டார். எல்லாரும் மறுபடி வராம என்ன என்றார்கள். இந்தமுறை உண்மையாகவே சொன்னார்கள். பஸ்ஸின் முன்னால் கட்டுவதற்குத் துணியில் எழுதச் சொன்னபோது, பெயரை மாற்ற வேண்டாம் என்றார் வீரய்யா. ஆகவே 'சுவிஸ் ட்ரிப்' என்றே எழுதினார்கள்.

ட்ரிப் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மறுநாள், திங்கள் காலை, கொழும்பில் விசாவுக்குக் கைரேகை கொடுக்கும் நேரம் சுலக்ஷனாவுக்குக் கிடைத்திருந்தது. இது வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நேரம் எடுத்துக் கொடுத்தவள் அஃப்னா. ஹட்டன் டவுனில் போட்டோக்கொப்பி, போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் ஹமீத் நானாவின் மகள். பள்ளிக்கூடத்தில் சுலக்ஷனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்துப் பேசியவள்.

"ஃபோமுல பயண நோக்கம் என்னண்டு கேக்குறான். லீவுண்டு போடவா?"

தலையை ஆட்டினாள்.

"நீ இங்க எதுலடி வேலயா இருக்கே, லீவு எடுக்க? புள்ளைகளுக்கு மூக்குத் தொடைக்கிறதுல இருந்தா?" அஃப்னா தட்டிக்கொண்டே பேசினாள். "வாப்பா என்னக் கொழும்புல சாச்சி வீட்டுக்கு அனுப்புறாரு, நீ என்னோட வந்துரு. அங்கயே படுத்துட்டு காலையில போகலாம். ஞாயித்துக்கெழம பஸ்ஸுல லேஞ்சியப் போட்டு ஒனக்கும் சீட்டுப் புடிச்சு வைக்கிறேன். வருவியா, மாட்டியா? தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

"அப்பா..."

"அப்பாகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னண்டாரு?"

"நுவரெலியாவுல அன்னம் மாதிரி படகு இருக்காம்."

அஃப்னா தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு விடிந்ததும் பஸ் வந்தது. இந்தமுறை சரியான அளவு. சட்டிகள் பின்னால் ஏறின, மைக்செட் முன்னால் ஏறியது. நாகலெட்சுமி மகளுடைய துணிப்பையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் ஒரு மாற்றுடுப்பும், நீளமான பிளாஸ்டிக் ஃபைலும் இருந்தன. ஃபைல் பையைவிட நீளமாக இருந்ததால் ஒரு மூலை வெளியே எட்டிப் பார்த்தது. நாகலெட்சுமி அதன்மேல் துவாயைப் போட்டார். பஸ் குலுங்கும்போது துவாய் விழுந்தது, மறுபடி போட்டார். முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து எல்லார் சாமானையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வீரய்யாவின் கண் அந்த மூலையில் ஒருதரம் நின்றது. ஏரியில் படகு விடப் போகிறவர்கள் ஃபைல் கொண்டு போவதில்லை. அவர் அடுத்த சாமானை எண்ணினார்.

பேச்சியம்மா புது ஸ்வெட்டரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "நல்லவேளண்ணே," என்றார் சத்தமாக. "நீங்க பாப்பாவ மட்டும் அனுப்பல. அனுப்பியிருந்தா எங்களுக்கு மனசுல ஒரு மாதிரியாத்தான் இருந்திருக்கும். வெளிய சொல்ல மாட்டோம், ஆனா இருந்திருக்கும்."

"அப்புடியெல்லாம் செய்வாரா அண்ணே?" என்றார் பொன்னையா. "குட்டி பஸ்ஸத் திருப்பி அனுப்புன ஆளு."

"ஆமா," என்றார் வீரய்யா. திரும்பி முன்னால் பார்த்து உட்கார்ந்தார். ஹட்டன் வரும்வரை திரும்பவில்லை.

ஹட்டனில் டவுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்த ட்ரிப்பும் மேலே போனதில்லை. பஸ் நின்றது. எல்லாரும் இறங்கிக் கும்பிட்டார்கள். வீரய்யா உடைத்த தேங்காய் சமமாகப் பிளந்தது; நல்ல சகுனம் என்றார்கள். பொன்னையா சில்லுகளைச் சட்னிக்கு என்று பொறுக்கிக்கொண்டார். நாகலெட்சுமி கோயில் படியில் துணிப்பையை மகளின் தோளில் மாட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சுலக்ஷனா ஏறவில்லை. கீழே, தேங்காய்த் தண்ணீர் சிந்திய இடத்தில் நின்றாள். சரிவில் இறங்கினால் பஸ் ஸ்டாண்ட். கொழும்பு பஸ்ஸின் கொண்டக்டர் "கொலம்ப, கொலம்ப" என்று கூவுவது அங்கேயே கேட்டது.

பஸ் கிளம்புமுன் வீரய்யா மிதிபலகையில் நின்று பேர் கூப்பிடுவார். தலையை எண்ணுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வேறு பஸ்ஸில் வந்தவன் தலை வந்து உட்கார்ந்தாலும் கணக்குச் சரியாகிவிடும், பேர் அப்படி இல்லை என்பார். தொங்கல் வீட்டில் தொடங்கி வரிசையாக வரும். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருட ட்ரிப்பில் சுலக்ஷனா சத்தமாகச் சொன்ன ஒரே சொல் அதுதான். அப்பா பேரைக் கூப்பிட்டால் அவள் இருக்கேன் என்று சொல்லிவிடுவாள், சொன்னால் ஏறிவிடுவாள். அது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

வீரய்யா கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு வீடாக இருக்கேன், இருக்கோம் என்று பதில் வந்தது.

"பேச்சியம்மா."

"இருக்கேண்ணே."

"நாகலெட்சுமி."

"இருக்கேன்," என்றார் நாகலெட்சுமி, ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல்.

அடுத்து மகள் பேர். வீரய்யா கீழே பார்த்தார். தோளில் பை, பையில் ஃபைல், ஃபைலை இறுக்கிப் பிடித்த கை. கைப்பிடித்த கம்பியில் விரலை ஒருமுறை மாற்றிப் பிடித்தார். மைக்செட்டில் பாட்டுப் போட இருந்தவன் போடாமல் இருந்தான்.

"பொன்னையா."

"இருக்கேண்ணே," என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட பொன்னையா, பிறகுதான் விழித்தார். "அண்ணே, பாப்பா..."

"அண்ணே, ஒரு பேர விட்டுட்டீங்க," என்றார் பேச்சியம்மா எழுந்து நின்று. "பாப்பா கீழ நிக்கிது பாருங்க!"

"நான் பேர விடுறதில்ல," என்றார் வீரய்யா. குரல் கதிர்காம ட்ரிப்பில் கூப்பிடும் அதே குரல்தான். "கூப்புட்ட பேரெல்லாம் ஏறியாச்சு."

பேச்சியம்மா வீரய்யாவைப் பார்த்தார், கீழே நின்றவளைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு மாதிரி இருந்தது. அவர் சொன்னது போலவே, வெளியே சொல்லவில்லை.

வீரய்யா மீதிப் பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு, ட்ரைவரிடம் பஸ்ஸை எடுக்கச் சொன்னார்.

போயிட்டு வர்றேன் என்று சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லாமல் போகக் கூடாது. சுலக்ஷனா வாயைத் திறந்தாள். தொண்டைவரை வந்தது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அது திரும்புவதாக இல்லை. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தேங்காய்த் தண்ணீரில் வழுக்காமல் காலைப் பார்த்து வைத்து, சரிவில் இறங்கி, கொழும்பு பஸ் நின்ற பக்கம் நடந்தாள்.